உட்கார்ந்து பசியாறுதல்

காலைச் சாப்பாட்டுக்கு மலேசியத் தமிழர்களிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது. பசியாறல். தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் தோழியிடம் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு, "பசியாறிட்டியா?" என்று கேட்டேன். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ நாட்டுப்புறக் கதையில் வழிப்போக்கனைப் பார்த்துக் கிழவி கேட்பது மாதிரி இருக்கிறதாம். அவள் ஊரில் 'சாப்ட்டியா', இல்லையென்றால் 'டிபன் ஆச்சா'. எங்களுக்கோ இது ரொட்டிச் சானாய்க் கடையிலும் தொழிற்சாலைப் பஸ்ஸிலும் துக்க வீட்டிலும்கூடப் புழங்குகிற சாதாரணச் சொல். தோட்டத்திலிருந்து எங்களோடு வந்த சொற்களில் இன்னும் தேயாமல் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். பெரட்டு போய்விட்டது, ஆயா கொட்டகை போய்விட்டது. பசியாறல் இருக்கிறது.

எனக்கு அந்த 'ஆறுதல்' பிடிக்கும். காயம் ஆறுகிறது, கோப்பி ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, அதே போல பசியும் ஆறுகிறது. இவை எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். கோப்பியை ஆறவிட வேண்டுமென்றால் அதன் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் அப்பா பசியாறுவார், அண்ணன் பசியாறுவான், நானும் பசியாறியிருக்கிறேன். அம்மா உட்கார்ந்து பசியாறி நான் பார்த்ததில்லை. அவர் சாப்பிட்டார். அது வேறு.

தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். (தோசைப் பிரியர்கள் கல்லெறிய வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான்.) ஒரு தோசை கல்லில் இரண்டு நிமிடம் எடுக்கும். நான்கு பேர், ஆளுக்கு மூன்று என்றால் பன்னிரண்டு தோசை. மாவு ஊற்றிக்கொண்டே, எண்ணெய் விட்டுக்கொண்டே, யார் தட்டு காலி என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் ஒருத்தர் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். ஆறினால் தோசை தோல் மாதிரி ஆகிவிடும், அதனால் சுட்டு அடுக்கிவிட்டு எல்லோரும் சேர்ந்து உட்காரவும் முடியாது. தோசையின் ருசிக்குள்ளேயே நிற்கிற ஒரு பெண் இருக்கிறாள். கடைசித் தோசை அவளுக்கு. அதையும் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, சட்டினிப் பாத்திரத்தை வழித்துத் தின்பாள். சப்பாத்தியும் இதே கதை. ரொட்டிச் சானாயும் இதே கதைதான், ஆனால் அதைக் கடையில் ஓர் ஆண் சம்பளத்துக்குச் செய்கிறார்.

இட்லிக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. நான்கு தட்டு, பன்னிரண்டு நிமிடம், எல்லாம் ஒன்றாக வேகும். ஆனால் எங்கள் வீட்டில் இட்லி தீபாவளிக்கு மட்டும். அப்பாவுக்கு இட்லி 'காய்ச்சக்காரன் சாப்பாடு'. வாதம் முடிந்தது.

அப்பாவின் பசியாறலைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரி ஓட்டிய காலம் முழுக்க வேலை நாட்களில் அவர் வீட்டில் காலையில் சாப்பிட்டதில்லை. தாமான் முனையில் இருந்த சீனர் கோப்பிக் கடைதான். அரைவேக்காட்டு முட்டை இரண்டு, கோப்பி ஓ ஒன்று, நிலக்கரியில் வாட்டிய ரொட்டியில் காயாவும் வெண்ணெய்க் கட்டியும். விடுமுறை நாட்களில் சில நேரம் என்னையும் கூட்டிப் போவார். சூட்டுப் பானையில் முட்டையைப் போட்டு மூடிக் கொண்டுவந்து வைப்பார்கள். சில கடைகளில் அந்த பிளாஸ்டிக் கருவி. மேல் குவளையில் முட்டையை வைத்துக் கொதிநீரைக் கோடு வரை ஊற்றினால், அடியிலுள்ள சிறு துளை வழியாக நீர் கீழே மெதுவாக இறங்கும். முழுக்க இறங்கிவிட்டால் முட்டை தயார். கடிகாரம் தேவையில்லாத கடிகாரம். நம் நாட்டிலேயே உருவான கருவி அது, எந்த அருங்காட்சியகத்திலும் ஒரு மூலை கொடுக்கலாம். அப்பா முட்டையைச் சாசரில் உடைத்து, கீச்சாப் நான்கு சொட்டு, வெள்ளை மிளகுத்தூள் ஒரு தட்டு, பிறகு சாசரை அப்படியே வாயில் சாய்ப்பார். அதற்குப் பிறகுதான் தமிழ்ப் பத்திரிகை, கூட்டாளிகள், அரசியல். முக்கால் மணி நேரம். ஹைனான் தீவிலிருந்து வந்து வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களாக இருந்தவர்கள், பிறகு சொந்தமாகக் கடை போட்டு நமக்குக் கொடுத்துவிட்டுப் போன காலை அது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேசைகளில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது யோசித்தால், கல்லாவில் இருந்த தவுக்கேயின் மனைவி மட்டும்தான் நினைவுக்கு வருகிறார்.

அம்மா இருபத்தாறு வருடம் தெப்ராவ் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நின்றார். 'வேலை செய்தார்' என்பதை விட 'நின்றார்' என்பதே சரி. அந்த வரிசையில் நாற்காலி கிடையாது. வீட்டிலும் நின்றார். இரண்டு வருடத்துக்கு முன் அப்பா ஓய்வு பெற்றார். கோப்பிக் கடையும் கைமாறி, வண்ண விளக்குகள் போட்ட வேறு என்னவோவாக ஆனது. அப்பா காலையில் வீட்டிலேயே இருந்தார். அம்மாவுக்கு வாரத்தில் ஏழு நாளும் தோசைக்கல். அதே சமயத்தில்தான் அவருடைய முட்டிகள் பேச ஆரம்பித்தன. முதலில் மாடிப்படியில் சத்தம், பிறகு தொழுகை முடிந்து எழும் பக்கத்து வீட்டு மக்சிக் மாதிரி தரையில் கை ஊன்றி எழுவது. மருத்துவர் படத்தைக் காட்டி, குருத்தெலும்பு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகிறது, நிற்பதைக் குறையுங்கள் என்று மலாயில் தெளிவாகச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவிடம் சொன்னது: "மாத்திரை குடுத்திருக்காங்க."

நான் ஜொகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்பவள். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நாலே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமான அந்தப் பாலத்தைக் கடந்து எட்டு மணிக்கு நாற்காலியில் இருக்கலாம். வார நாட்களில் என் பசியாறல் சோதனைச் சாவடி வரிசையில் பையிலிருந்து எடுக்கும் பிஸ்கட். அதனால் வீட்டுக் காலை எப்படி இருக்கிறது என்பது சனி, ஞாயிறில்தான் எனக்குத் தெரிய வரும்.

பேகல் இந்த இடத்தில்தான் வருகிறது. அலுவலகத்துக்குக் கீழே ஒரு கஃபே. அங்கே முட்டை வைத்துச் சுட்ட பேகல் ஒன்று, அவகாடோ, ஏதோ இலை, பதினெட்டு வெள்ளி. சிங்கப்பூர் வெள்ளி! சக ஊழியரின் பிறந்தநாள் என்பதால் என் பணம் இல்லை. ருசி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குப் பிடித்துப்போனது வேறு. சமையலறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே ஓர் ஆள், ஆறு பேகலை ஒரே தட்டில் அடுக்கி, ஆறிலும் முட்டை உடைத்து ஊற்றி, தட்டை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கோப்பியைக் குடித்தார். அடுப்பு வேலை செய்துகொண்டிருந்தது. சமைப்பவர் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமையே எங்கள் வீட்டு ஓவனை திறந்தேன். (இந்தச் சொல்லைச் சிலர் 'அவன்' என்று எழுதுகிறார்கள். "அவனைச் சூடாக்கு", "அவனுக்குள் தள்ளு" என்றெல்லாம் சமையல் குறிப்பு எழுதினால் போலீஸ் வரும்.) உள்ளே இரண்டு கடாய், ஒரு முறுக்கு அச்சு, மூடி தொலைந்த குக்கர். மலேசியத் தமிழர் வீடுகளில் ஓவன் என்பது தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் பிஸ்கட் சுடும் கருவி, மீதி ஐம்பது வாரம் பாத்திர அலமாரி. இத்தனைக்கும் எங்கள் ஊர் ரொட்டி அடுப்புகளுக்குப் பேர்போன ஊர். ஜாலான் டோபியில் இந்திய முஸ்லிம்களின் சலாஹுதீன் ரொட்டிக்கடை 1937-லிருந்து இருக்கிறது. நாலு எட்டு தள்ளி ஜாலான் தான் ஹியோக் நீயில் ஹியாப் ஜூ கடை 1919-லிருந்து. அவர்கள் விறகு அடுப்பில் சுடும் வாழைப்பழக் கேக்குக்கு இன்றைக்கும் வரிசை நிற்கிறது. அடுப்பு தெருவில் இருந்தது. வீட்டுக்குள் வந்தது கல்லும் சட்டியும்தான்.

பேகல் என்பது நடுவில் ஓட்டை உள்ள ரொட்டி. போலந்து யூதர்களின் ரொட்டி. கிராக்கோவ் நகர யூத சமூகத்தின் 1610-ஆம் ஆண்டு விதிமுறைகளில் இந்தச் சொல் வருகிறது, அதுவும் பிரசவத்தை ஒட்டிக் கொடுக்கும் அன்பளிப்புகள் பற்றிய இடத்தில். இதைப் படித்தபோது, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுபோகும் நம் ஊர்க் கிழவிகள் ஞாபகம் வந்தார்கள். பிறகு அந்த மக்கள் கப்பலேறி நியூயார்க் போனபோது ரொட்டியும் போனது. அங்கே நிலவறைகளில், வெக்கையில், இரவு முழுக்க ஆண்கள் கையால் உருட்டினார்கள். அவர்களுக்கு 338 என்ற எண்ணில் ஒரு தொழிற்சங்கம் இருந்தது. அப்பனுக்குப் பிறகு மகன் என்று கட்டுக்கோப்பாகக் காத்த தொழில். 1960-களில் டேனியல் தாம்சனின் பேகல் இயந்திரம் வந்தது, கனெக்டிகட்டின் லெண்டர் குடும்பம் உறையவைத்து நாடு முழுக்க விற்றது, சங்கத்தின் பிடி போனது. ரப்பர் விலை விழுந்து செம்பனை வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பேகலின் சங்கதியே, அதைச் சுடுவதற்கு முன் கொதிநீரில் போடுவதுதான். அம்மாவுக்கு நம்ப முடியவில்லை.

"ரொட்டிய யாராச்சும் தண்ணியில போடுவாங்களா? கரைஞ்சிடும் பாப்பா."

"கொழுக்கட்ட கரையுதா?"

"அது ஆவி."

கரையாது. மாவு அவ்வளவு கெட்டி. ஐந்நூறு கிராம் மாவுக்கு இருநூற்றெண்பது மில்லி தண்ணீர்தான், சாதாரண ரொட்டிக்கு இதைவிட அதிகம் சேர்ப்பார்கள். பேக்கரிச் சாமான் கடையில் புரதம் அதிகமுள்ள மாவு என்று கேட்டு வாங்க வேண்டும், கேக் மாவு உதவாது. பத்து கிராம் உப்பு, ஐந்து கிராம் ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சீனி. பத்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும், கை வலிக்கும். கொதிநீரில் ஒரு பக்கத்துக்கு முக்கால் நிமிடம். மேல்தோலில் இருக்கும் மாவுச்சத்து அந்தச் சூட்டில் நீரைக் குடித்துப் பசையாகி இறுகிவிடும். பிறகு 220 டிகிரியில் இருபது நிமிடம் சுடும்போது உள்ளே இருக்கும் மாவு உப்ப நினைத்தாலும் தோல் விடாது. பேகலின் அந்த இழுவையான கடி இதனால்தான். தண்ணீரில் மால்ட் பாகு சேர்ப்பார்கள், நிறத்துக்கும் மினுமினுப்புக்கும். நான் குலா மலாக்கா ஒரு துண்டு போடுகிறேன். நியூயார்க்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நம் வெப்பத்தில் மாவு அவசரக்குடுக்கை. குளிர்நாட்டுச் சமையல் புத்தகம் ஒன்றரை மணி நேரம் என்று சொல்லும் இடத்தில் எங்கள் அடுக்களையில் நாற்பது நிமிடத்தில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பும். அதனால் வெள்ளிக்கிழமை இரவு பிசைந்து, எட்டாகப் பிரித்து உருட்டி, வளைத்து, குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். சனிக்கிழமை காலை கொதியும் சூடும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருநாள் பழையதாகியிருக்கும், முட்டை வைத்துச் சுட அதுதான் நல்லது. புது பேகல் முட்டையை உறிஞ்சி நமத்துப்போகும்.

உருட்டும் வேலையை இரண்டாவது வாரமே அம்மா பிடுங்கிக்கொண்டார். நான் உருண்டையில் விரலால் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா நாற்காலியை மேசைக்கு இழுத்து உட்கார்ந்து, மாவைக் கயிறாகத் திரித்து, நான்கு விரல்களைச் சுற்றி வளைத்து, இரு முனைகளையும் உள்ளங்கையில் வைத்து மேசையில் ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான், மூட்டு எங்கே என்றே தெரியவில்லை. நியூயார்க் நிலவறைக்காரர்கள் செய்த முறையும் இதேதான் என்று ஒரு பழைய படத்துணுக்கில் பார்த்திருந்தேன், அம்மா பார்த்ததில்லை. இருபத்தாறு வருடம் சின்னச் சின்னப் பொருளைப் பொருத்திய கை. "ஓட்ட ரொட்டி" என்று அம்மாதான் பெயர் வைத்தார். "உளுந்து வடைக்குத் தூரத்துச் சொந்தம்."

இனி முட்டை. நம் கடைகளில் முட்டை ஏ, பி, சி என்று அளவு வாரியாகக் கிடைக்கும். இதற்கு சி முட்டையே போதும், பெரிய முட்டை அந்தக் குழிக்குள் அடங்காது. (2022 கடைசியில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது எந்த எழுத்து கிடைத்தாலும் கும்பிட்டு வாங்கினோம்.) பேகலைக் குறுக்கே இரண்டாக வெட்டி, கத்தி முனையால் ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்கி, சுற்றியுள்ள மென்மையான பகுதியைச் சுரண்டி ஒரு கிண்ணம் மாதிரி ஆக்க வேண்டும். வெண்ணெய் தடவி, குழியின் அடியில் சீஸ் துண்டு ஒன்றை மடித்து அமுக்கி, தட்டில் வைத்து ஐந்து நிமிடம் சுட்டால் சீஸ் உருகி ஓட்டையை அடைத்துவிடும். முட்டை ஒழுகாது. பிறகு முட்டையை ஒரு கோப்பையில் உடைத்து மெதுவாகச் சாய்க்க வேண்டும். அப்பாவுக்கு இனிப்பு நீர் இருப்பதால் ஆளுக்கு அரை பேகல், ஒரு முட்டை, பக்கத்தில் தக்காளியும் வெள்ளரியும் என்று கணக்கு. மேலே கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுவேன், அது ஓவனில் மொறுமொறுவென்று ஆகிவிடும். முழுச் செய்முறையில் எனக்குப் பெருமையான பகுதி அந்தக் கறிவேப்பிலைதான்.

வேறொரு சங்கடம் இருந்தது. அப்பாவுக்குக் கோப்பிக் கடைப் பழக்கம், மஞ்சள் கரு வழிய வேண்டும். அம்மாவுக்கு அரைவேக்காடு ஆகவே ஆகாது. "கவுச்சி." வாழ்நாள் முழுக்கத் தனக்குக் கிடைக்காததைப் 'பிடிக்காது' என்று சொல்லிக்கொள்ளும் அம்மாக்கள் நம் சிறுகதைகளில் நிறைய உண்டு, நானும் முதலில் அந்தச் சந்தேகத்தோடு கேட்டுப் பார்த்தேன். இல்லை. அம்மாவுக்கு நிஜமாகவே பிடிக்காது. முட்டை வெள்ளை அறுபத்து மூன்று டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும், மஞ்சள் கரு எழுபதில் கட்டியாகும். இரண்டு விருப்பத்துக்கும் நடுவே உள்ள தூரம் அந்தச் சில டிகிரிதான். தோசைக்கல் என்றால் இரண்டு தனித்தனி வேலை. ஓவனில் கணக்கு சுலபம். 180 டிகிரியில் அம்மாவுடையது பதினேழு நிமிடம், அப்பாவுடையதும் என்னுடையதும் பன்னிரண்டு. அம்மாவுடையதை ஐந்து நிமிடம் முன்னால் உள்ளே வைத்துவிட்டால் மூன்றும் ஒரே நேரத்தில் வெளியே வரும். எங்கள் வீட்டு வரலாற்றில் முதல் தடவையாக ஒரு காலைச் சாப்பாட்டில் அம்மாவுடையது கடைசியில் வரவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா மேசைக்கு வந்து தட்டைப் பார்த்தார்.

"தோச இல்லியா?"

"ஞாயித்துக்கெழம இனிமே தோச கெடையாதுப்பா. அம்மா நிக்கக் கூடாது. டாக்டர் சொன்னாரு, நான் கேட்டேன்."

அம்மா என்னை முறைத்தார். மாத்திரைக் கதை அங்கேயே உடைந்தது. அப்பா அம்மாவின் முட்டியைப் பார்த்தார், மேசைக்கு அடியில் அது தெரியாது என்றாலும் அந்தத் திசையில் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் கீச்சாப் போத்தலை எடுத்து முட்டை மேல் நான்கு சொட்டு விட்டார். எங்கள் அப்பா கெட்டவர் இல்லை. எதிரே ஒருத்தர் நின்றுகொண்டே இருந்தால், நிற்பதுதான் அவருடைய இயல்பு என்று நாமெல்லாம் நினைத்துவிடுகிறோம். மரத்தைப் பார்த்து யாரும் 'உட்காரேன்' என்று சொல்வதில்லை.

அம்மாவுக்கு உட்கார்ந்து பழக்கமில்லை என்பது அன்றைக்குத்தான் கண்கூடாகத் தெரிந்தது. முதல் வாய் வைத்ததும் எழுந்தார், மிளகுத்தூள் எடுக்க. உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார், குழாய் சொட்டுகிறதாம். மூன்றாவது தடவை காரணமே இல்லாமல் எழுந்து, அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் மிளகு, உப்பு, கீச்சாப், தண்ணீர், துண்டு எல்லாவற்றையும் மேசையிலேயே வைத்தேன். அப்படியும் ஒரு தடவை எழுந்தார். ஆறு வாரம் ஆனது, முழுதாக ஒரு அரை பேகலை எழாமல் சாப்பிட.

அந்த ஆறாவது வாரம், தட்டு காலியான பிறகும் யாரும் எழவில்லை. அம்மா விரலால் மேசையில் இருந்த எள்ளை ஒட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டே, எதற்காகவோ தொழிற்சாலைக் கேண்டீனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்பதரைக்கு மணி அடிக்குமாம், இருபது நிமிடம். மலாய்க்காரர் ஒருவர், சீனர் ஒருவர், அம்மா, மூன்று பேருக்கும் ஜன்னல் ஓரத்தில் ஒரே மேசை. யார் முதலில் போகிறாரோ அவர் மற்ற இரண்டு பேருக்கும் நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வைப்பாராம். மலாய்க்காரரிடம் எப்போதும் சம்பல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்களாம். அந்தச் சீன அக்காவின் மகன் படிக்கவே மாட்டான், இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறான்.

"வீட்டுல எங்க ஒக்காந்தேன்? அங்கதான் நான் நெதமும் பசியாறுனேன்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. நல்ல ஓர் ஊரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு அந்த மேசையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது என்று அவர் முகத்தில் தெரிந்தது. தொழிற்சாலை அம்மாவின் முட்டியைத் தின்றது என்று நான் கட்டுரை எழுதக்கூடியவள். தின்றதுதான். ஆனால் அதே இடத்தில் ஒன்பதரை மணிக்கு ஒரு நாற்காலியும் இருந்திருக்கிறது. நம் தோட்டக் கதைகளில் விடியற்காலை நாலு மணிக்கு எழும் பெண்கள் வராத கதையே கிடையாது. அவர்கள் எந்த நேரத்தில், யாரோடு, எங்கே உட்கார்ந்தார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள். ரப்பர் மரத்தடியில், மங்கு நிறையக் காத்திருக்கும் நேரத்தில், என் ஆத்தாவும் அவர் கூட்டாளிகளும் கறுப்புக் கோப்பியை எப்படிக் குடித்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. கேட்கலாம் என்றால் ஆத்தா இல்லை.

அரசு மருத்துவமனையில் அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவைசிகிச்சைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். முதலில் வலது கால். வீட்டுக்கு வந்த பிறகும் பல வாரம் நடைச்சட்டத்தோடுதான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இரண்டு வாரம்தான் விடுப்பு கிடைக்கும். அண்ணன் கிள்ளானில் இருக்கிறான். அதற்குப் பிறகு காலையில் வீட்டில் இருக்கப்போவது அம்மாவும் அப்பாவும்தான்.

இரண்டு டஜன் பேகல் சுட்டு, ஆறவிட்டு, வெட்டி, குழியும் எடுத்து, பைகளில் போட்டு உறைபெட்டியில் அடுக்கியிருக்கிறேன். உறைந்த பிறகு வெட்டவே முடியாது, அதனால் முன்னாலேயே வெட்டிவிட வேண்டும். நாற்பத்தெட்டு அரைத் துண்டு. இரவே எடுத்து வெளியே வைத்தால் காலையில் தயாராக இருக்கும். அப்பா ஓவன் திருகில் 180-க்கு நேராக மார்க்கர் பேனாவால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார், லாரி டயர் காற்றளவுக்குப் போடுகிற மாதிரி. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள். அதில் அவர் கையெழுத்தில்: 'அம்மா 17, நான் 12. அம்மா முதல்ல.'

போன செவ்வாய்க்கிழமை நான் பாலத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவர் தனியாக முதல் ஒத்திகை பார்த்தார். நேரக் கருவியில் நம்பிக்கையில்லாமல், ஒரு நாற்காலியைப் போட்டு ஓவன் கண்ணாடியை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். இரண்டு முட்டையும் கல்லு மாதிரி ஆகிவிட்டன. அவர் தன்னுடையதைப் பாதியில் வைத்துவிட்டார். அம்மா அதையும் எடுத்துச் சாப்பிட்டதாகச் சாயங்காலம் போனில் சொன்னார். "இதுதான் பாப்பா சரியான பதம். நீ செய்யிறதுல எனக்கு இன்னும் ரெண்டு நிமிசம் பத்தாது."